வால் சேறானால், மேகம் சுண்ணாம்பானால்: சாக் பாஸ்டல் கதைப்படங்களில் வரும் கோளாறுகள்

கிணற்றுக்குள் ஒரு குட்டி மேகம் விழுந்துவிடுகிறது. ஒரு கால் நொண்டும் நரி அதைத் தூக்கிவிடப் பார்க்கிறது. வெளிச்சம் காட்ட ஒரு மின்மினி வருகிறது. நான் எழுதிய கதை இவ்வளவுதான். எழுத இரண்டு சாயங்காலம் போதுமாக இருந்தது. சாக் பாஸ்டல் என்ற பொடி வண்ணக் குச்சியால் படம் போட ஒரு வருடம் பிடித்தது. அதில் பாதி நாள், கெட்டுப்போன பக்கத்தை எதிரே வைத்துக்கொண்டு எங்கே தப்பு நடந்தது என்று முழித்ததிலேயே போனது.

முழித்ததில் ஒன்று பிடிபட்டது. பாஸ்டலில் கோளாறு கண்ணில் படும் இடம் வேறு, அது ஆரம்பித்த இடம் வேறு. நரியின் வால் அழுக்காகத் தெரிந்தால், காரணம் அரை மணி நேரத்துக்கு முன் தீட்டிய வானத்தில் இருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரிவதைத் தலைப்பாகவும், தேட வேண்டிய இடத்தை அதற்கடியிலும் எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் படத்துக்கு வந்திருப்பது எதுவோ, நேரே அங்கே போங்கள்.

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. குச்சியை விரலில் தேய்த்துப் பாருங்கள். பொடியாக ஒட்டினால் சாக் பாஸ்டல். பிசுபிசுவென்று வழுக்கினால் அது ஆயில் பாஸ்டல். கீழே சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது, அதன் மேல் சாக் பாஸ்டல் ஒழுங்காக உட்காரவும் செய்யாது. கரும்பலகையில் எழுதும் வண்ணச் சாக்பீஸும் இதுவல்ல. அதில் பெரும்பாலும் ஜிப்சம்தான், நிறமி பெயருக்குத்தான் இருக்கும். நல்ல பாஸ்டல் குச்சியில் நிறமி நிறைய இருக்கும். கூடவே சாக் போன்ற ஒரு வெள்ளைப் பொடியும், எல்லாவற்றையும் பிடித்து வைக்கத் துளி பசையும். பசை கூடினால் குச்சி கடினம், குறைந்தால் மென்மை. இந்த ஒரு விஷயம் பாதிக் கோளாறுகளில் திரும்பத் திரும்ப வரும்.

நிறம் சேறாகிறது

எல்லோருக்கும் முதலில் வருவது இதுதான். என் கதையில் நான்காவது பக்கம்: நீல மாலை வானம், அதன் முன்னால் ஆரஞ்சு நரி. வானத்தை நன்றாக அழுத்தித் தீட்டி முடித்துவிட்டு, அதன் மேலேயே வாலைப் போட்டேன். முதல் கோடு பளிச்சென்று விழுந்தது. இரண்டாவது கோட்டில் கொஞ்சம் மங்கியது. முடி மாதிரி மெத்தென்று வரட்டும் என்று சுண்டுவிரலால் ஒரு தேய். அவ்வளவுதான். நரி சாக்கடையில் வாலைத் தோய்த்துக்கொண்டு வந்தது போல ஆகிவிட்டது.

ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். பொடியாகக் கலந்தால் சாம்பல் பழுப்புதான் மிஞ்சும். சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் இப்படித்தான். கலக்க வைத்தது விரல் மட்டுமல்ல. அடியில் பொடி தளர்வாகக் கிடந்தால், மேலே வரும் குச்சியே அதை உழுது கலந்துவிடும்.

கெட்டுப்போன இடத்தை இப்படிச் சரிசெய்யலாம். மேலே இன்னும் நிறம் போடாதீர்கள். அது சேற்றின் மேல் சேறு. பன்றிமுடி பிரஷ் மாதிரி விறைப்பான, காய்ந்த பிரஷ் ஒன்றை எடுத்து, பலகையை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பொடியை உதிர்த்துவிடுங்கள். மிச்சத்தைப் பிசைந்து உருட்டும் ரப்பரால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பொடி தாளுக்குள் இறங்கிவிடும், ஆகவே ஒற்றல் மட்டும். அடியில் நீலச் சாயல் கொஞ்சம் தங்கும், அது கெடுதல் இல்லை. அதன் மேல் ஆரஞ்சை ஒரே கோடாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை வானம் தீட்டும்போதே வாலுக்கு இடம் விட்டுவிடலாம். நிறங்களைக் குழைப்பதற்குப் பதில் கோடுகளாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், தூரத்திலிருந்து கண்ணே கலந்துகொள்ளும். விரலால் தேய்ப்பதை நான் தடை செய்யவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் ஓரிடத்தில் தேய்த்தால் போதும். எல்லா இடத்திலும் தேய்த்த படம் பஞ்சு மூட்டையாகத் தெரியும், எங்கேயும் ஒரு விளிம்பு இருக்காது.

கையும் துணியும் சுத்தமாக இருந்தும் சேறாகிறது என்றால் குச்சிப் பெட்டியைப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசி எல்லாக் குச்சி மேலும் சாம்பல் தூசி படிந்திருக்கும். ஒவ்வொரு முறையும் தாளில் வைக்கும் முன் துணியில் ஒரு துடை துடைத்தால் தீர்ந்தது.

எவ்வளவு அழுத்தினாலும் நிறம் ஒட்டவில்லை

பாஸ்டல் தாளின் சொரசொரப்பில்தான் பொடி தங்குகிறது. பள்ளமெல்லாம் நிரம்பிவிட்டால் அடுத்த பொடிக்கு இடமே இல்லை. குச்சி வழுக்கிக்கொண்டு போகும். வழவழப்பான ஓவியத்தாளில் இரண்டு மூன்று பூச்சிலேயே இந்த நிலை வந்துவிடும். உப்புத்தாள் மாதிரி துகள் பூசிய பாஸ்டல் தாள் நிறையப் பூச்சு தாங்கும், விரல் தோலையும் உரித்துவிடும்.

உடனடி வைத்தியம்: பிரஷால் உதிர்த்துவிட்டு, பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரேயை மெல்லிசாக ஒரு தடவை அடித்துக் காயவிடுங்கள். அது மேற்பரப்புக்குக் கொஞ்சம் பிடிப்பைத் திருப்பித் தரும். பிரெஞ்சு ஓவியர் தேகா தம் பாஸ்டல் ஓவியங்களில் படலங்களுக்கு நடுவே இப்படி ஃபிக்ஸேட்டிவ் போட்டுப் போட்டுத்தான் அத்தனை அடுக்குகளைக் கட்டினார். நிரந்தர வைத்தியம் வரிசை: கடினக் குச்சி முதலில், மென்மையானது கடைசியில். மென்மையான குச்சி ஒரே பூச்சில் பள்ளத்தை அடைத்துவிடும், அதை முதலில் எடுத்தால் விளையாட்டு அங்கேயே முடிந்தது.

தாளைத் திருப்பியும் பாருங்கள். கான்சன் மி-தாந்த் போன்ற தாள்களில் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி வலைப்பதிவும், மறுபக்கம் நைசான தளமும் இருக்கும். நரியின் முகத்தில் தேன்கூடு தெரிகிறதே என்று ஒரு வாரம் கவலைப்பட்ட பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

மேகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது

வெள்ளைக் குச்சியைக் கொஞ்ச நேரம் ஒளித்து வையுங்கள். மேகத்துக்கு வெள்ளை கடைசியில் நாலு இடத்தில் தொட்டு வைக்கத்தான். உடம்பு முழுக்க வெளிர்மஞ்சள், வெளிர்நீலம், மங்கலான ரோஜா, நிழலில் ஊதா கலந்த சாம்பல். வெளுப்பு வேண்டிய இடத்தில் எல்லாம் வெள்ளையைக் கலந்தால் நிறம் உயிரிழந்துவிடும். நிறத்தை வெளுக்க வைப்பதைவிட, ஏற்கெனவே வெளுப்பான குச்சியைத் தேடி எடுப்பது நல்லது.

வெள்ளைத்தாளில் வரைகிறீர்கள் என்றால் தப்பு இன்னும் முன்னாலேயே நடந்துவிட்டது. வெள்ளை மேல் வெள்ளை மேகத்தை எப்படிக் காட்டுவது? நடுத்தரச் சாம்பல்நீலத் தாளுக்கு மாறினேன். மேகம் தானாக எழுந்து வந்தது. புள்ளி புள்ளியாக அடித்தாள் எட்டிப்பார்க்கும் தொல்லையும் போனது. நிறத்தாளில் அந்தப் புள்ளிகளே காற்றாக மாறிவிடுகின்றன.

கிணறு கறுப்பாக இருக்கிறது, ஆழமாக இல்லை

கறுப்புக் குச்சி தாளில் ஓட்டை போடும், ஆழம் காட்டாது. இருட்டுக்கு இண்டிகோ, கரும்பச்சை, கருஞ்சிவப்பு, அடர் ஊதா ஆகியவற்றை ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்குக் கோடுகளாகப் போடுங்கள். உற்றுப் பார்த்தால் உள்ளே நிறம் அசைய வேண்டும். கறுப்பு அதற்கப்புறம் ஒரு மூலையில், கொஞ்சமாக.

பெரும்பாலான பெட்டிகளில் வெளிர் நிறங்கள் நிறைய, அடர் நிறங்கள் குறைச்சல். பாஸ்டலில் இருப்பதிலேயே அடர்ந்த குச்சியைவிட அடர்வாக எதையும் கலந்து உண்டாக்க முடியாது. இரவுக்காட்சி உள்ள கதைக்கு நாலைந்து அடர் குச்சிகளைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும். இதில் சிக்கனம் பார்த்துத்தான் என் கிணறு முதலில் சாம்பல் வாளியாக இருந்தது.

ஆழம் என்பது நிறத்தைவிட விளிம்பில் இருக்கிறது. கிணற்றின் வாய்க்கல் வெளிச்சமாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும். உள்ளே இறங்க இறங்கக் கல்லுக்கும் கல்லுக்கும் உள்ள வேறுபாடு குறையட்டும், விளிம்புகள் கரையட்டும். அடியில் இருக்கும் மேகம் வெள்ளையாக இருக்கக் கூடாது, சாம்பல்நீலமாக இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் செல்போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் ஆழம் தெரியவில்லை என்றால் நிறத்தில் தேடிப் பயனில்லை.

பக்கத்துக்குப் பக்கம் நரி வேறு நரியாகிறது

தனிப்படம் போடுபவருக்கு இந்தத் தலைவலி கிடையாது, கதைப்படம் போடுபவரை இதுதான் படுத்தி எடுக்கும். இரண்டாம் பக்கத்தில் மெலிந்த நரி, ஆறாம் பக்கத்தில் நாய்க்குட்டி, பத்தில் செங்கல் நிறத்தில் ஏதோ ஒன்று. எனக்கு இன்னும் மோசம். நான்காம் பக்கத்தில் இடது முன்னங்கால் நொண்டி, ஒன்பதாம் பக்கத்தில் வலது. அந்தப் பக்கத்தில் நரி எதிர்ப்புறம் திரும்பியிருந்தது. நான் கதையில் உள்ள காலைப் பார்க்காமல், தாளில் எனக்குக் கிட்டே தெரிந்த காலை நொண்டியாக்கிவிட்டேன். கண்டுபிடித்தது நானில்லை. ஆறு வயதுக் குழந்தை ஒன்று, படத்தைப் பார்த்த முதல் நிமிடத்தில்.

வடிவம் மாறுகிறதா, நிறம் மாறுகிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

வடிவம் என்றால் பாத்திரத்துக்கு ஒரு அளவுத்தாள் இல்லை என்று பொருள். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், உட்கார்ந்த நிலை. உடம்பு எத்தனை தலை நீளம். காது நுனி எங்கே மடிகிறது. நொண்டும் கால் எது. கூடவே கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றால் நரியின் தோள் எந்தக் கல்வரிசைக்கு வரும் என்பதும் வேண்டும். இதை வரையும் நாள் வீணாகப் போகிற நாள் மாதிரி இருக்கும். ஆனால் இல்லாவிட்டால் பத்துப் பக்கத்தைத் திரும்ப வரைய வேண்டிவரும்.

நிறம் என்றால் குச்சி அடையாளம் தொலைந்திருக்கும். பாஸ்டல் குச்சியின் காகித உறையைக் கிழித்துவிட்டால் எண்ணும் போய்விடும். ஒரே பெட்டியில் ஐந்து ஆரஞ்சு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். உறையைக் கிழிக்கும் முன் குச்சியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியை உறையோடு எடுத்து வையுங்கள். பிறகு படம் போடும் அதே தாளில் ஒரு கீற்று வெட்டி, நரிக்கு எடுத்த ஒவ்வொரு குச்சியாலும் ஒரு தடவல், பக்கத்தில் எண், எந்த உறுப்புக்கு என்று ஒரு வார்த்தை. அதே தாள் என்பது முக்கியம். அடிநிறம் மாறினால் அதே ஆரஞ்சு வேறாகத் தெரியும். நரியின் குச்சிகளுக்குத் தனியாக ஒரு சின்ன டப்பா வைத்துக்கொண்டால் கை தானாக அங்கே போகும். முக்கியப் பாத்திரத்தின் நிறம் இரண்டு குச்சியாவது கையிருப்பில் இருக்கட்டும்.

இன்னொரு பழக்கமும் உதவியது. ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவதை நிறுத்தினேன். நாலு பக்கத்தைச் சுவரில் வரிசையாக ஒட்டி, நரியின் ஆரஞ்சை நாலிலும் ஒரே உட்காரலில் போட்டேன். பத்தடி தள்ளி நின்றால் எது ஒட்டவில்லை என்பது உடனே தெரியும்.

முகம் சின்னது, கண் வைக்க முடியவில்லை

குச்சியின் முனை ஒரு விரல் தடிமன், கண் ஒரு கடுகளவு. எந்தக் கையாலும் இது நடக்காது. அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள்: புத்தகத்தில் 20 செ.மீ. என்றால் தாளில் 30. கண்ணுக்கும் மீசைக்கும் பாஸ்டல் பென்சில், அல்லது கடினக் குச்சியை உடைத்ததில் கிடைக்கும் கூர்முனை. முகத்தில் பொடி தடிமனாக இருந்தால் பென்சில் அதைச் சுரண்டிவிடும், அதனால் அந்த இடத்தில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே மெல்லிசாகப் போடுங்கள்.

சில பக்கங்களில் கண்ணே வேண்டாம். தூரத்தில் நிற்கும் நரிக்குக் காதும் வாலும் போதும்.

ஸ்பிரே அடித்ததும் மின்மினி அணைந்துவிட்டது

இந்தப் பக்கத்தை நான் இரண்டு தடவை வரைந்தேன். இருட்டு நடுவில் மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கரையும் ஒளி. பார்க்கவே கூசியது. பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிக்ஸேட்டிவ் அடித்தேன். காய்ந்ததும் பார்த்தால் நனைந்த தீக்குச்சி.

ஈர மணல் கறுத்துத் தெரிவது ஏனோ, அதே காரணம்தான். பொடித்துகள்களுக்கு நடுவே காற்று இருப்பதால்தான் ஒளி சிதறி நிறம் வெளிச்சமாகத் தெரிகிறது. ஸ்பிரேயில் உள்ள பிசின் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. சாக் அதிகம் உள்ள வெளிர் நிறங்கள்தான் முதலில் பலியாகும். டைட்டானியம் வெள்ளை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஆகவே ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் நடுவில் அடியுங்கள், இருட்டும் நடுத்தர நிறங்களும் முடிந்த கட்டத்தில். கடைசி வெளிச்சங்களை அதற்கு மேல் போட்டுவிட்டு அப்படியே விடுங்கள். ஏற்கெனவே அணைந்துவிட்டதா? அதுவும் பெரிய நஷ்டமில்லை. மென்மையான மஞ்சளை அழுத்தி, ஒரே தொடுதலாகத் திரும்ப வையுங்கள். ஸ்பிரே தந்த பிடிப்பில் முன்பைவிட நன்றாகவே ஒட்டும். துளித்துளியாகக் கறை விழுந்திருந்தால் புட்டியை மிகக் கிட்டே பிடித்திருக்கிறீர்கள். 30 செ.மீ. தள்ளி, தாளின் ஓரத்துக்கு வெளியே ஆரம்பித்து, வெளியே கொண்டுபோய் முடியுங்கள். கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கை பட்டு அழிகிறது, தூசி எங்கும் பறக்கிறது

மேலிருந்து கீழாக வரையுங்கள். வலக்கைக்காரர் இடமிருந்து வலம், இடக்கைக்காரர் வலமிருந்து இடம். தாளைச் செங்குத்தாக நிறுத்தினால் பொடி படத்தின் மேல் தங்காமல் கீழே விழும். அடியில் மடித்த காகிதம் ஒன்று வைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். வாயால் ஊதாதீர்கள். ஊதிய பொடி உங்கள் மூக்குக்குத்தான் வரும், சில நிறமிகளில் காட்மியம் போன்ற உலோகம் உண்டு. மாஸ்க் போட்டுக்கொண்டு, பலகையின் பின்பக்கம் தட்டி உதிர்த்து, தரையை ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்த பக்கங்களுக்கு நடுவே கிளாசின் என்ற வழவழப்பான மெல்லிய தாள் வைத்து, நகராதபடி டேப் போட்டு அடுக்கலாம்.

ஸ்கேனில் வேறு படம் வருகிறது

படத்தைக் கவிழ்த்து ஸ்கேனரில் வைத்து எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தால் மேகத்தின் பாதி கண்ணாடியில் இருந்தது. படத்திலிருந்த மேகம் இளைத்துப் போயிருந்தது. அன்றிலிருந்து கேமராதான். படத்துக்கு நேராகக் கேமரா, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு விளக்கு. ஒரு பக்க விளக்கு மட்டும் போட்டால் தாளின் ஒவ்வொரு மேடும் நிழல் போட்டு, படம் மணல்வெளியாகத் தெரியும். ஸ்கேனர்தான் வேண்டும் என்றால் ஓரத்தில் அட்டைச் சட்டம் வைத்துக் கண்ணாடியில் படாமல் தூக்குங்கள். மெலிந்த ஸ்கேனர்கள் பலவற்றில் அந்த இடைவெளிக்கே படம் மங்கிவிடும், ஆகவே ஒரு துண்டுத்தாளில் சோதித்துப் பாருங்கள்.

அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கு, 20 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 2,360 பிக்சல். திரையில் எரியும் ஆரஞ்சும் ஊதாவும் நாலு மை அச்சில் கொஞ்சம் அடங்கித்தான் வரும். அதைக் கணினியில் ஏற்றி ஏற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் மற்ற நிறங்கள் கெடும். நரியைப் பளிச்சென்று காட்ட நான் செய்தது, பின்னணி நீலத்தை ஒரு படி மங்கலாக்கியது.

எழுத்து வைக்க இடமில்லை

படம் முடிந்த பிறகு எழுத்துக்கு இடம் தேடினால் கிடைக்காது. பாஸ்டலின் சொரசொரப்பான நடுத்தர நிறத்தின் மேல் கறுப்பெழுத்தும் படிக்க வராது, வெள்ளையெழுத்தும் படிக்க வராது. நன்றாக வெளுத்த இடமோ, நன்றாக இருண்ட இடமோ வேண்டும், அதுவும் சலனமில்லாமல். தமிழ் வார்த்தைகள் நீளம். குறுகிய பத்தியில் வரிக்கு இரண்டு வார்த்தைதான் நிற்கும். மேலே புள்ளியும் சுழியும், கீழே இறங்கும் வளைவும் இருப்பதால் வரி இடைவெளியும் கூடுதலாகத் தேவை. முதல் பென்சில் குறிப்பிலேயே எழுத்தை உண்மையான அளவில் எழுதி ஒட்டிப் பாருங்கள். நடுமடிப்பில் முகம் வரக் கூடாது. ஓரத்தில் வெட்டுப்போக 3 மி.மீ. கேட்பார்கள், பாஸ்டல் ஓரம் எப்போதும் பிசிறாக இருக்கும் என்பதால் நான் 1 செ.மீ. கூடுதலாகத் தீட்டிவிடுவேன்.

ஒவ்வொரு படமும் அழகு, கதை மட்டும் நகரவில்லை

இதற்குக் காரணம் குச்சியிலும் இல்லை, தாளிலும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் தபால்தலை அளவில் ஒரே தாளில் வரைந்து பாருங்கள். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், பெரிய தாளை மடித்து வெட்டுவதால் வரும் கணக்கு. தலைப்பு, பதிப்பு விவரம் போனால் பதினான்கு இரட்டைப் பக்கம் மிஞ்சும். என் தாளில் பதினான்கிலும் நரி நடுவில், அதே உயரத்தில், அதே தூரத்தில் நின்றது. எல்லாமே கதையில் எழுதியிருப்பதை அப்படியே திருப்பிச் சொல்லும் படங்கள்.

நான் மாற்றியவை இரண்டுதான். முதலாவது, வெளிச்சத்துக்கு ஒரு ஏற்ற இறக்கம் வைத்தேன்: மாலை, இருட்டு, இன்னும் இருட்டு, கடைசியில் ஒரே ஒரு வெளுத்த பக்கம். அந்தப் பக்கம் பளிச்சென்று தெரிய, அதற்கு முந்திய ஐந்து பக்கமும் அடங்கி நின்றாக வேண்டும். இரண்டாவது, நடந்து முடிந்ததை வரைவதை விட்டுவிட்டு, நடக்கப் போவதற்கு ஒரு நொடி முன்பு நிறுத்தினேன். பன்னிரண்டாவது இரட்டைப் பக்கத்தில் எழுத்து சொல்வது 'நரி இழுத்தது' என்று மட்டும். முதலில் அங்கே மேகம் கிணற்றை விட்டு வெளியே வந்துவிட்டிருந்தது. பிரஷால் அதை உதிர்த்துவிட்டேன். இப்போது கயிறு விறைத்து நிற்கிறது, மூன்று கால்கள் மண்ணில் புதைந்திருக்கின்றன, இடது முன்னங்கால் மட்டும் அந்தரத்தில். கிணற்றின் வாயில், உதிர்த்த இடத்தில் தங்கிப்போன வெள்ளைச் சாயல் கொஞ்சம் இருக்கிறது. அதை நான் தொடவில்லை.